பெயர்க் கட்டத்தில் ஒன்பது பெயர்கள்

1. முதல் நாள்

நான் வேலை பார்த்தது விருது கொடுக்கும் ஆபீஸில். இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். மேடையில் கூப்பிட்டு சால்வை போடுவதற்கு ஒரு ஆபீஸ் வேறா என்று கேட்பார்கள். ஆமாம், வேறுதான். யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்ய எங்களுக்கு வருடத்தில் பத்து மாதம் ஆகும். சால்வை வாங்க அரை நாள் போதும்.

ராயபுரத்தில், துறைமுகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸுக்கு மேல் மாடியில் எங்கள் அறக்கட்டளை இருந்தது. கீழே கன்டெய்னர் லாரி திரும்பினால் என் மேஜையில் டீ கிளாஸ் நடுங்கும். தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களில் சிறந்த தலைவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் விருது. எனக்கு ஃபீல்டு வெரிஃபிகேஷன் வேலை. விண்ணப்பத்தில் எழுதியிருப்பது நிஜமா என்று நேரில் போய்ப் பார்த்து மார்க் போட வேண்டும். நான் புளியந்தோப்புக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். யார் நடிக்கிறார்கள் என்று வாசல்படியிலேயே தெரிந்துவிடும் என்ற திமிர் எனக்கு நிறைய உண்டு.

செயலர் ராகவன் சார் கப்பல் கம்பெனியில் அதிகாரியாக இருந்து வந்தவர். முதல் நாளே மார்க் ஷீட்டை என் முன்னால் வைத்தார்.

"விமலா, ரெண்டை நம்பாதீங்க. போட்டோவை நம்பாதீங்க, அழுகையை நம்பாதீங்க. இந்த ஷீட்டை மட்டும் நம்புங்க."

மொத்தம் நூறு. ஆவணங்களுக்கு முப்பது, செய்யும் வேலைக்கு முப்பது, தலைமைக்கு நாற்பது. தலைமையை எப்படி சார் அளப்பது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. போன இடத்தில் வாட்ச்மேன், சமையல்காரம்மா, கிளார்க் என்று நாலு பேரைத் தனித்தனியாகப் பிடித்து, "இங்க எல்லாத்தையும் பார்த்துக்கறது யாரு?" என்று கேட்க வேண்டும். நாலு விரலும் ஒரே ஆளைக் காட்டினால் தலைமை பலமாக இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் காட்டினால் கோளாறு. ஆபீஸில் இதற்கு விரல் கேள்வி என்று பெயர். நான் பல வருடம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். பிசகவே பிசகாது என்று புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

2. விண்ணப்பம்

இந்த வேலைக்கு வரப்போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விருது முதலில் போவது நன்றாக எழுதத் தெரிந்தவர்களிடம். பெரிய நிறுவனங்கள் விண்ணப்பம் எழுதவே ஆள் வைத்திருக்கின்றன. ஒரே டெய்லர் தைத்த யூனிபார்ம் மாதிரி எல்லா விண்ணப்பமும் ஒன்றுபோலவே இருக்கும். நிறுவனருக்குச் சின்ன வயதில் ஒரு சம்பவம், அதில் மனம் மாறுவது, வேலையை விடுவது, இன்று ஆயிரம் பேர் வாழ்வில் ஒளி. படித்துப் படித்து எனக்கு அந்த ஒளி மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

அந்த வருடம் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு விண்ணப்பம் பேனாவால் எழுதி வந்தது. மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் சென்டர். தலைவர் பெயர் என்ற கட்டத்தில் ஒன்பது பெண்களின் பெயர்கள். கட்டம் போதாமல் கடைசி மூன்று பெயர்கள் ஓரத்தில் ஏறி நின்றன. எனக்குக் கோபம் வந்தது. கீழே இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, தலைவர் பேருன்னு தெளிவா போட்டிருக்கு. ஒரு பேருதான் எழுதணும்."

"நாங்க ஒம்போது பேரு கீறோமே மேடம்."

"அவார்டு ஒருத்தருக்குத்தான்மா. மத்த எட்டு பேரை அடிச்சிடுங்க."

"எந்த எட்டு மேடம்?"

கிண்டல் செய்கிறாளா என்று யோசித்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"சரி, இப்ப யாரு தலைவி?"

"இந்த மாசம் நான்தான். அமுலு."

"அப்ப அமுலுன்னே இருக்கட்டும்" என்று சொல்லி மற்ற எட்டு பெயரையும் நானே சிவப்பு மையில் அடித்தேன். 'இந்த மாசம்' என்று அவள் சொன்னது காதில் நன்றாக விழுந்தது. அது என்ன மாசம் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கட்டம் நிரம்பினால் போதும்.

3. விசிட்

இரண்டு மாதம் கழித்துப் போனேன். ஒரு தொழிற்சாலையின் பழைய ஸ்டோர் ஷெட் அது. மேலே ஆஸ்பெஸ்டாஸ். தரையில் பாய்கள், ஓரத்தில் நாலைந்து வீல்சேர், பின்னால் ஒரு அடுப்பு. இருபத்தாறு பிள்ளைகள். பிள்ளைகள் என்றுதான் சொல்வார்கள். சின்னதுக்கு ஆறு வயது, பெரியதுக்கு முப்பத்து நாலு.

சென்டர் எதற்கு ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். மெஹருன்னிசா என்ற அம்மா பதில் சொன்னாள். தண்டையார்பேட்டையில் தையல் வேலை பார்த்தவள். குரல் பெரிது.

"நாங்கல்லாம் வேலைக்குப் போயாவணும் மேடம். காலைல புள்ளய உள்ள வுட்டு வெளிய பூட்டிக்கினு போவோம். சாயங்காலம் வந்து தொறப்போம். நடுவுல அது வுழுந்துச்சா, அழுதுச்சா, தண்ணி கேட்டுச்சா, அல்லாவுக்குத்தான் தெரியும். அதான் இங்க கொண்ணாந்து வுட்டு, முறை போட்டு அஞ்சாறு பேரு லீவு எடுத்துப் பாத்துக்கறோம்."

இப்போது அந்த ஷெட்டுக்கு ஆபத்து வந்திருந்தது. தொழிற்சாலைக்குப் புது நிர்வாகம் வந்து, இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. அங்கே இருந்த வெல்ஃபேர் ஆபீசர் நல்ல மனிதர். "வெளியிலேருந்து யாராவது உங்களைப் பாராட்டி ஒரு லெட்டர் குடுத்தா, ஃபைல்ல வெச்சு நான் மேல பேசறேன்" என்று சொல்லியிருந்தார். விண்ணப்பம் வந்த கதை இதுதான்.

"எங்களுக்கு மால மரியாதையெல்லாம் வோணாம் மேடம்" என்றாள் மெஹரு. "அந்த லெட்டர் இருந்தா போதும். இல்லாட்டி மறுபடி பூட்டுதான்."

நான் என் விரல் கேள்வியைக் கேட்டேன். அடுப்படியில் இருந்தவள் மெஹருவைக் காட்டினாள். பாய் விரித்துக்கொண்டிருந்தவள், "சோத்துக்கு அவுங்க, மாத்திரைக்கு இவுங்க, ஆட்டோவுக்கு நானு" என்றாள். ஒரு பாட்டிம்மா, "எல்லாரும்தான்" என்று முடித்துவிட்டாள். அமுலுவைத் தேடினேன். ஒல்லியான பெண், நாற்பது வயதுக்கு மேல். ஒரு பெரிய பெண்ணை மடியில் சாய்த்து, தாடையைப் பிடித்துக்கொண்டு கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானே தலைவி?"

"நான் இல்ல மேடம். என் மாசம் முடிஞ்சு போச்சு. இப்ப மெஹரு."

அப்புறம்தான் விஷயம் வந்தது. நம் தெருக்களில் குலுக்கல் சீட்டு போடுவோமே, அதே வழக்கம்தான். ஒன்பது பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, சொம்பில் போட்டு, மாதம் முதல் தேதி ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வந்த பெயர் அந்த மாதத் தலைவி. சாவி அவளிடம். ஆஸ்பத்திரி, ஆபீசர், போலீஸ், யார் வந்தாலும் அவள்தான் பேச வேண்டும். எல்லோருக்கும் ஒரு சுற்று வருகிற வரைக்கும் எடுத்த பெயர் மறுபடி சொம்புக்குள் போகாது.

"இது சீட்டு இல்லம்மா, நிறுவனம்" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

மெஹரு சிரித்தாள். "குலுக்கிப் போட்ட சீட்டுல ஏமாத்த முடியாதே மேடம்."

எங்கள் ஷீட்டில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு. தலைவரின் சொந்தக்காரர் யாராவது அங்கே பயன் பெறுகிறாரா என்று எழுத வேண்டும். அமுலுவிடம் உங்கள் பிள்ளை எது என்று கேட்டேன். வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"என் பொண்ணு பூட்டா மேடம். மூணு வருசமாவுது. மூலக்கொத்தளத்துல பொதைச்சோம். இது சரசு பொண்ணு, அவ இன்னிக்கு வேலைக்குப் போயிக்கீறா."

அடப் பாவமே என்று இருந்தது. ஆனால் அழுகையை நம்பாதே என்று எனக்குப் பாடம். அவள் அழவும் இல்லை. 'உறவினர் யாரும் இல்லை' என்று எழுதினேன். தலைமைக்கு நாற்பதுக்குப் பதினொன்று போட்டேன். பக்கத்தில் 'தலைமையில் தெளிவில்லை' என்று குறிப்பு.

அதே வாரம் எண்ணூர் பக்கம் ஒரு பெரிய முதியோர் இல்லத்துக்குப் போனேன். நிறுவனரை எல்லோரும் சார் என்பார்கள். கேட்ட நாலு பேரும் சார்தான் எல்லாம் என்றார்கள். ஒரு தாத்தாவுக்கு மாத்திரை நேரம் வந்தது. மருந்து பீரோ சாவி சாரிடம். சார் போனில் இருந்தார். நர்ஸ் இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். 'ஊழியர் ஒழுங்கு பாராட்டத்தக்கது' என்று எழுதி முப்பத்தெட்டு போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

4. வருத்தக் கடிதம்

ஷார்ட்லிஸ்டில் வராதவர்களுக்கு 'வருந்துகிறோம்' என்று ஒரு கடிதம் போகும். காலடிப்பேட்டைக்கு அனுப்பியது திரும்பி வந்தது. ஷெட்டுக்குக் கதவு எண் கிடையாது. என் வீடு டோல்கேட் பக்கம், போகிற வழிதானே என்று நானே எடுத்துக்கொண்டு போனேன். சொல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

உள்ளே நுழைந்தபோது ஒரு பையனுக்கு வலிப்பு வந்திருந்தது. பையன் என்றால் மீசை முளைத்த ஆள். ஒருத்தி அவனைப் பக்கவாட்டில் திருப்பினாள். ஒருத்தி தன் முந்தானையைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்தாள். ஒருத்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரம் எழுதினாள். இன்னொருத்தி மற்ற பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்பி உட்காரவைத்துப் பாட ஆரம்பித்தாள். அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தவள் கிண்டிக்கொண்டே இருந்தாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. இரண்டு நிமிடத்தில் அடங்கியது. நான் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தேன்.

கடிதத்தை மெஹருவிடம் கொடுத்தேன். அவள் மாதமும் முடிந்திருந்தது. ஆனாலும் அவளுக்குத்தான் படிக்க வரும் என்றார்கள். சத்தமாகப் படித்தாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எதுல கொறஞ்சிட்டோம்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிக்குவோம் மேடம்."

"தலைமையில" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். "ஒருத்தர்னு இருக்கணும். உங்ககிட்ட மாறிக்கினே கீதே." பதட்டத்தில் என் புளியந்தோப்பு வாய் வந்துவிட்டது.

மெஹரு கடிதத்தை மடித்தாள். "ஒருத்திகிட்டயே இருந்தா, அவ வூட்ல ஒண்ணுன்னா யாரு மேடம் தொறக்கறது?"

அப்புறம் அவள் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன் அமுலுவின் மகள் ஒரு விடியற்காலையில் இறந்தாள். அது அமுலுவின் மாதம். தகவல் தெரிந்து எல்லோரும் அவள் வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். மகளைக் கிடத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமுலு, மெஹரு வாசலுக்கு வந்ததுமே எழுந்து வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டியிருக்கிறாள்.

"'மணி எட்டரை ஆவுது, பசங்க வாசல்ல வந்து நிக்கும், நீ போ'ன்னுச்சு. நான் போ மாட்டேன்னு அழுதேன். 'இனிமே இந்த மாசம் உன்னுது, போடி'ன்னுச்சு. வந்து தொறந்துட்டேன் மேடம். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பூட்டிட்டு ஓடறேன், அதுக்குள்ள எடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு மூஞ்சிய நான் கடைசியா பாக்கல."

அமுலு அந்தப் பக்கம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. மெஹரு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் மார்க் ஷீட்டில் எட்டாவது கேள்வி, 'தலைவர் இல்லாத நிலையில் நிறுவனம் இயங்குமா?' என்பது. அதற்கு நான் 'ஐயத்திற்குரியது' என்று எழுதியிருந்தேன். நடந்து டோல்கேட் வரைக்கும் வந்துவிட்டேன். ஆட்டோ பிடிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

5. ஜூரி

எங்கள் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட ஷீட்டைத் திருத்தவே கூடாது. திருத்தினால் காசு வாங்கிவிட்டார்கள் என்று பேசுவார்கள். ராகவன் சாரிடம் போய், என் மார்க் தப்பு என்றேன்.

"என்ன விமலா, அங்க அழுதாங்களா?"

"அழுதாங்க சார். ஆனா நான் அதுக்கு வரல. நாம கேட்கற கேள்வியே தப்பு சார். நாலு விரலும் ஒரே ஆளைக் காட்டினா, அந்த ஆள் இல்லாத அன்னிக்கு நாலு பேரும் சும்மா நிப்பாங்க. நான் கண்ணால பார்த்துட்டு அதுக்கு முப்பத்தெட்டு போட்டிருக்கேன்."

அவர் ஷீட்டை எடுத்துப் புரட்டினார். அந்தக் கேள்வி அவர் பெற்ற பிள்ளை. எனக்கும் சொல்லவே கஷ்டமாக இருந்தது. கடைசியில், "ஷீட்டைத் தொடக்கூடாது. உங்க மார்க்குக்கு எதிரா நீங்களே ஒரு நோட் எழுதுங்க. ஜூரி முன்னாடி நீங்களே படிங்க. மானம் போனா உங்களோடது" என்றார். அதையும் கோபமாகச் சொல்லவில்லை, பாவம்.

ஜூரியில் ஐந்து பேர். தலைவர் ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மா. நான் நின்றுகொண்டு, இன்ன தேதியில் இன்ன தப்பு செய்தேன் என்று படித்தேன். மருந்து பீரோவையும் படித்தேன், சாவியையும் படித்தேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அந்த முப்பத்தெட்டு மார்க் சார் ஒரு மாசம் படுத்துட்டார்னா?"

"தெரியாது மேடம்."

"இவங்க?"

"அது ஏற்கெனவே நடந்து முடிஞ்சிடுச்சு மேடம்."

ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. சீட்டுக் குலுக்கித் தலைவரா என்று ஒருவர் சிரித்தார். மேடைக்கு யாரைக் கூப்பிடுவது என்று இன்னொருவர் கேட்டார். விருது கடைசியில் எண்ணூர் சாருக்கே போனது. உள்ளதைச் சொல்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான் போகும். தெரிந்த பெயர், சிக்கல் இல்லாத பெயர், போட்டோவில் ஒரே முகம். ஜூரி கெட்டவர்கள் இல்லை. அவர்கள் முன்னால் நாங்கள் வைத்த தாள் அப்படி.

ஆனால் டாக்டரம்மா எழுந்து போகவில்லை. லெட்டர்ஹெட் கேட்டு வாங்கி, ஜூரியின் சிறப்புப் பாராட்டு என்று தலைப்பிட்டு, கைப்படவே எழுதினார். ஒன்பது பெயரையும் என்னைச் சொல்லச் சொல்லி எழுதினார். ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கினார். சிரித்தவரும் போட்டார். ராகவன் சார் ஆபீஸ் சீலைத் தானே எடுத்து வந்து குத்தினார்.

வெல்ஃபேர் ஆபீசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லெட்டர் ஃபைலில் ஏறியது, நாலு மாதம் இழுத்தடித்தது, ஷெட் அவர்களுக்கே என்று கடைசியில் தாள் வந்தது. மெஹரு போனில் சொன்னபோது நான் ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். அடுத்த வருட மார்க் ஷீட்டில் விரல் கேள்வி இல்லை. 'கடைசியாகத் தலைவர் வராத நாளில் என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள்' என்று கேட்கச் சொல்லி ராகவன் சாரே டைப் செய்யக் கொடுத்தார்.

6. ஓய்வு

போன வருடம் ரிட்டையர் ஆனேன். இளையவர்கள் வந்து, இத்தனை வருடத்தில் என்ன மேடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கிறார்கள். தலைவரைப் பார்க்கப் போகாதீர்கள், அவர் இல்லாத நேரத்தில் போய் உட்காருங்கள் என்று சொல்கிறேன். அதோடு, தப்பாக மார்க் போட்டால் போட்டேன் என்று நின்று சொல்லுங்கள். மானம் ஒன்றும் அவ்வளவு சுலபமாகப் போகாது.

வீட்டில் உட்காரப் பிடிக்காமல் வாரத்தில் மூன்று நாள் காலடிப்பேட்டைக்குப் போகிறேன். நோட்டு எழுதுகிறேன், சரசு பெண்ணுக்குக் கஞ்சி ஊட்டப் பழகிவிட்டேன். தாடையை எங்கே பிடிப்பது என்று அமுலுதான் காட்டிக்கொடுத்தாள். போன மாதம் சுற்று முடிந்து, பெயர்களை மறுபடி எழுதினார்கள். பத்துத் துண்டு கிழித்தாள் அமுலு. பத்தாவதில் என் பெயரை எழுதச் சொல்லி மெஹருவிடம் நீட்டினாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எனக்கெதுக்கு அமுலு? நீங்கல்லாம் பெத்தவங்க. எனக்கு இங்க பிள்ளை இல்லியே."

அவள் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிச் சொம்பில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு மட்டும் புள்ள கீதா?"

முதல் தேதியன்று அந்த மீசைக்காரப் பையன் கையை விட்டு எடுத்தது என் பெயரை. இந்த மாதம் நான். காலையில் எட்டரைக்கே போய்விடுகிறேன். பிள்ளைகள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள்.